கோயில் வாசலில் விட்டால் பாவமில்லையாம்!

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், வைகறைத் திருப்பலிக்கு மணியடிக்கச் சென்ற கோயிற்பிள்ளை, மணியடிக்காமலேயே திரும்பி வந்து நம் அறைக்கதவைத் தட்டினார். "சாமி, மாதா கெபி பக்கத்துல ஒரு சாக்கு கிடக்கு. உள்ளே என்னவோ அசையுது" என்றார். விளக்கை எடுத்துக்கொண்டு சென்றோம். பழைய உரச்சாக்கு. அதன் வாய் சணற்கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. அவிழ்த்தோம். உள்ளே ஐந்து நாய்க்குட்டிகள். கண் திறந்து சில நாள்களே ஆகியிருக்கும். ஒன்று ஏற்கெனவே விறைத்துக் கிடந்தது. ஐந்தும் பெட்டைக் குட்டிகள்.

திருப்பலி முடிந்ததும் மக்கள் அந்தச் சாக்கைச் சூழ்ந்து நின்றனர். இரக்கப்பட்டோர் உண்டு, முகஞ்சுளித்தோர் உண்டு. கூட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவர், நாள்தோறும் நற்கருணை வாங்குபவர், ஆறுதலாகச் சொன்னார்: "நல்ல வேளை, கோயில் வாசல்ல விட்டிருக்காங்க. குளத்துல கொண்டுபோய்ப் போட்டிருந்தாதான் பாவம்." பலர் தலையசைத்தனர். அந்தத் தலையசைப்பே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

கோயில் வாசலில் விட்டால் பாவமில்லையாம்! சாக்கின் வாயைக் கட்டிய கை, அதே கையால் கெபியை நோக்கிச் சிலுவை வரைந்துவிட்டுச் சென்றிருக்குமோ என்றுகூட நமக்குத் தோன்றிற்று. குளத்தில் எறிபவனுக்குத் தான் கொல்கிறோம் என்பதாவது தெரியும். கோயில் வாசலில் வைப்பவரோ, கொலையையும் செய்துவிட்டுப் புண்ணியத்தையும் கணக்கில் எழுதிக்கொள்ளப் பார்க்கிறார். இதைத்தான் நாம் கண்டிக்க விரும்புகிறோம்.

"அது பிழைச்சுக்கும்" என்பது இவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். பிழைக்குமா? நாய்க்குட்டி ஆறு முதல் எட்டு வாரம் வரை தாயோடு இருக்க வேண்டும். முதல் வாரங்களில் தன் உடற்சூட்டைக்கூட அதனால் தானே காத்துக்கொள்ள இயலாது; தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தே உயிர் வாழும். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டிகளில் பெரும்பாலானவை பசியாலும் குளிராலும் மடியும். தப்பியவற்றைப் பார்வோ என்னும் தொற்றுநோய் இரத்தக் கழிச்சலாக வந்து கொண்டுபோகும். அதற்கும் தப்பியவை சாலையில் சக்கரங்களுக்கு இரையாகும். இதைத்தான் நாம் 'பிழைத்துக்கொள்வது' என்கிறோம்.

எல்லாவற்றுக்கும் தப்பி ஒன்று வளர்ந்துவிட்டதாகவே கொள்வோம். பெட்டை நாய் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் பருவம் அடைந்துவிடும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஆண்டுக்கு இருமுறை பருவம் காணும். ஓர் ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு குட்டிகள் என்பது சாதாரணம். நேற்று யாரோ ஒருவர் கோயில் வாசலில் விட்ட குட்டி, அடுத்த ஆண்டு அதே தெருவில் தாயாகி நிற்கும். அப்போது அதே மனிதர், "தெருவெல்லாம் நாய், பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடியவில்லை" என்று நகராட்சிக்கு எழுதும் மனுவில் முதற்கையெழுத்து இடுவார். தெருநாய் என்று ஒரு சாதியை ஆண்டவர் படைக்கவில்லை. வீட்டிலிருந்து துரத்தப்பட்ட நாயும் அதன் வழிவந்த பிள்ளைகளுமே தெருநாய்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அச்சாக்கில் இருந்தவை ஐந்தும் பெட்டைகள். இது தற்செயல் என்று நம்ப நாம் குழந்தைகள் அல்லோம். குட்டி போட்ட வீட்டுக்குச் செல்வோர் முதலில் வால் தூக்கிப் பார்க்கின்றனர். "கடுவன் இருந்தால் தாருங்கள்" என்கின்றனர். கடுவன்கள் ஒரு வாரத்தில் வீடு சேர்ந்துவிடும். எஞ்சியவை சாக்குக்குள் செல்லும். பெண்சிசுக்களைக் காக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலம் இது. மகளையும் நாயையும் நாம் ஒப்பிடவில்லை; ஒப்பிடுவது தகாது. ஆயினும் பிறந்ததும் புரட்டிப் பார்த்து, பெண் என்றால் ஒதுக்கும் கை ஒன்றே. விலங்கிடம் கொடுமை பழகியவன் மனிதரிடமும் அதையே செய்யத் துணிவான் என்று புனித தோமா அக்குவினார் எச்சரித்தது எழுநூறு ஆண்டுகளுக்கும் முன்பு. அந்த எச்சரிக்கைக்கு நம் ஊரில் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை.

நாயை விலைகொடுத்து வாங்குவோரின் அன்பும் இதைவிட மேலானதாக இல்லை. பனிநாட்டில் வண்டியிழுக்கப் பிறந்த ஹஸ்கியை நம் சித்திரை வெயிலில் கொண்டுவந்து மாடியில் கட்டுகின்றனர். முதலாண்டு அதனோடு படம் எடுத்துக்கொள்கின்றனர். இரண்டாம் ஆண்டு தோல்நோய் வரும், முடி உதிரும், மருத்துவச் செலவு ஏறும். மூன்றாம் ஆண்டு அது நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும். இந்த மண்ணிலேயே, இந்த வெயிலுக்கென்றே பிறந்தவை இராசபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும். அவற்றைவிடவும் எளிதில் வளர்வது நம் தெருமுனையில் நிற்கும் பெயரில்லா நாட்டு நாய். அதற்கு விலையில்லை என்பதாலேயே அதற்கு மதிப்பும் இல்லாமற்போயிற்று.

இவ்வாறு நாம் பேசும்போது, "சாமி, மனிதன் பசியோடு கிடக்கிறான், நீங்கள் நாய்க்குப் பரிந்து பேசுகிறீர்களே" என்போர் உண்டு. இக்கேள்வியை நாம் எளிதாக ஒதுக்கவில்லை. மனிதத் துயர் துடைக்கச் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்காக வாரியிறைப்பது தகாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடே கூறுகிறது. நாய்க்குப் பிறந்தநாள் விழா எடுத்து, அணிச்சல் வெட்டி, வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு ஊதியத்தைக் குறைத்துத் தருவோருக்காக நாம் வாதாடவில்லை. ஆயின் விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் சாகவிடுவதும் மனித மாண்புக்கே முரணானவை என்று அதே ஏடு அதே இடத்தில் கூறுகிறது. பாதியை மட்டும் படிப்பது நேர்மையாகாது.

மேலும், அக்கேள்வியைக் கேட்பவர் யார் என்றும் பார்க்க வேண்டும். பெத்தானியாவில் விலையுயர்ந்த நறுமணத் தைலம் ஊற்றப்பட்டபோது, இதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவன் யார் என்பது விவிலியம் வாசிக்கும் நம் மக்களுக்குத் தெரியும். அவன் ஏழைகள்மேல் கொண்ட கவலையால் கேட்கவில்லை என்றும் யோவான் சேர்த்தே எழுதிவைத்தார். நம் அனுபவமும் அதுவே. நாய்க்குச் சோறா என்று வினவுவோர் மனிதருக்குச் சோறிட்டு நாம் கண்டது குறைவு. நம் பங்கில் தலைச்சுமையாக மீன் விற்கும் கைம்பெண் ஒருவர் இருக்கிறார். மாலையில் மிஞ்சும் மீன்தலைகளைச் சோற்றோடு வேகவைத்து மூன்று தெருநாய்களுக்கு இடுகிறார். மூன்றையும் கால்நடை மருத்துவமனைக்கு ஒவ்வொன்றாக நடத்திச் சென்று வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு வந்திருக்கிறார். வின்சென்ட் தெ பவுல் சபையினர் ஏழைகளுக்கெனக் காணிக்கை திரட்டும்போது, கேளாமலேயே பணம் கொண்டுவந்து தருபவரும் அவரே. இரக்கம் பங்கிட்டால் குறைந்துவிடும் பண்டம் என்று அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை.

அடுத்து, அச்சம். தெருநாய் என்றால் நடுங்கும் தாய்மார்களை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். அவர்கள் அச்சம் நியாயமானது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் வெறிநோயால் இறக்கின்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் ஏழைகள். மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயால் வருவது. நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. எனவே, தெருநாய்களுக்குச் சோறு மட்டும் வைத்துவிட்டு, ஊசியும் போடாமல், கருத்தடையும் செய்யாமல், அவை யாரைக் கடித்தாலும் தம் பொறுப்பன்று என்று போகும் நாயன்பர்களையும் நாம் இதே மூச்சில் கண்டிக்கிறோம். அவர்கள் செய்வது பாதி அன்பு. பாதி அன்பு தெருவில் ஒரு குழந்தையின் உயிரைக் கேட்கும்.

அதற்காகக் கொன்று தீர்த்துவிடலாமா? அதையும் நம் மாநிலம் செய்து பார்த்தது. சென்னையில் மாநகராட்சி பல்லாண்டுகள் நாய்களைப் பிடித்துக் கொன்றது. நாய்களும் குறையவில்லை, வெறிநோயும் ஒழியவில்லை. 1959-இல் கேப்டன் சுந்தரம் தோற்றுவித்த புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்கு மாறாகக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யலாம் என்று நெடுங்காலம் மன்றாடியபின், 1996-இல்தான் அவ்வழி அங்கே ஏற்கப்பட்டது. 2001-இல் அதுவே நாடு முழுமைக்கும் விதியாயிற்று. ஒரு பகுதியின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டுவந்தால் அங்கே வெறிநோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது மருத்துவ அறிவியல் கண்ட உண்மை. கொன்றால் அந்த இடத்துக்கு ஊசி போடாத புதுநாய் வரும். ஊசி போட்ட நாயோ ஊருக்கு அரணாக நிற்கும்.

இந்நாட்டின் உச்ச நீதிமன்றமும் இச்சிக்கலை அண்மையில் கையிலெடுத்தது. தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு 2025 ஆகஸ்ட் 11 அன்று ஆணையிட்டது. பதினொரு நாள் கழித்து, ஆகஸ்ட் 22 அன்று, வேறோர் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்தபின், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர்த்து, மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்றது. அவ்வாண்டு நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றி, மீண்டும் அங்கே விடாதிருக்க ஆணை பிறந்தது. நீதிமன்றத்தின் கவலை நமக்குப் புரிகிறது. பள்ளி நடத்தும் நமக்கு அது இன்னும் நன்றாகப் புரிகிறது. ஆயின் எந்த ஆணையும் சாக்கின் வாயைக் கட்டும் கையைப் பிடித்துவிட முடியாது. வளர்ப்பு விலங்கைப் பட்டினியில் தவிக்குமாறு கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம். முதற்குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த தண்டம் 10 முதல் 50 ரூபாய்! சட்டம் அவ்வளவுதான் செய்யும். எஞ்சியது மனச்சான்றின் வேலை.

மனச்சான்று என்றதும் நம் மனச்சான்றையும் திறந்து காட்டிவிடுவதே முறை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், குருப்பட்டம் பெற்ற புதிதில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நம்மிடம் வந்தார். மனைவியை இழந்து தனித்து வாழ்ந்தவர். பதினான்கு ஆண்டு தம்மோடு இருந்த நாய் முந்தின நாள் இறந்துவிட்டது. பக்கத்து வீட்டார் சிரித்திருக்கின்றனர். "சாமி, அதை நான் மறுபடி பார்ப்பேனா?" என்று கேட்டார். நாம் குருமடத்தில் படித்ததை அப்படியே ஒப்பித்தோம். தாவரத்துக்கு உயிர் ஒருவகை, விலங்குக்கு ஒருவகை, மனிதனுக்கே அழியா ஆன்மா, உடலோடு விலங்கின் உயிரும் ஒழியும் என்று வகுப்பெடுத்தோம். அவர் "சரிங்க சாமி" என்று எழுந்து போனார். அதன்பின்னும் நாள்தோறும் திருப்பலிக்கு வந்தார். ஆனால் தம் துயர் எதையும் நம்மிடம் சொன்னதே இல்லை. பாடத்தில் தேறினோம், மேய்ப்பனாகத் தோற்றோம்.

இன்று அவர் வந்தால் என்ன சொல்வோம்? நாய்க்கு மோட்சம் உண்டு என்று திருச்சபை வரையறுத்ததில்லை. நாமும் அதை வாக்களிக்க மாட்டோம். ஆயின் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், நிலைவாழ்வில் படைப்புகள் ஒவ்வொன்றும் உருமாற்றம் பெற்றுத் தத்தம் இடம் கொள்ளும் என்ற நம்பிக்கையை வெளியிட்டார். அதைச் சொல்லிவிட்டு, அந்த ஆசிரியரின் பக்கத்தில் சற்று நேரம் பேசாமல் அமர்ந்திருப்போம். உண்மையாக நேசித்த ஒன்றை இழந்தவன் அழுவதில் வெட்கம் ஏது? தோபியா வானதூதரோடு புறப்பட்ட பயணத்தில் பின்னாலேயே நடந்த நாயை மறவாமல் குறித்துவைத்த விவிலியம் நம்முடையது. கொள்ளைநோய் கண்டு காட்டில் ஒதுங்கிக் கிடந்த புனித ஆரோக்கியநாதருக்கு அப்பம் கொண்டுவந்த நாயைச் சுரூபமாகச் செய்து அவர் காலடியில் நிறுத்தியிருக்கிறோம். அந்தச் சுரூபத்துக்கு மாலை சாத்திவிட்டு, வெளியே படியில் படுத்திருக்கும் நாயைக் கல்லால் அடிக்கிறோமே, அது எப்படி?

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்றும் நம்மிடம் உண்டு. முந்திய பங்கொன்றில் நம் அறை வாசலில் ஒரு செவலை நாய் இருந்தது. ஐந்தாண்டு நம் கையால் உண்டது. நாம் நோயாளிகளைப் பார்க்கப் புறப்பட்டால் தெருக்கோடிவரை வந்து வழியனுப்பும். மாற்றல் ஆணை வந்தது. பெட்டி படுக்கை, நூல்கள் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினோம். "நாயை என்ன செய்ய, சாமி?" என்று கோயிற்பிள்ளை கேட்டார். "இங்கேயே இருக்கட்டும். வரும் சாமி பார்த்துக்கொள்வார்" என்றோம். வந்தவருக்கு நாய் ஒவ்வாது. அது அவர் குற்றமன்று. நாம் அவரிடம் கேட்கவே இல்லை. சில மாதம் கழித்து ஒரு திருமணத்துக்காக அங்கே சென்றபோது விசாரித்தோம். சாலையைப் பார்த்தபடி கோயிற்படியிலேயே நெடுநாள் படுத்திருந்ததாம். பிறகு காணவில்லையாம். எங்கே போயிற்று என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

'கோயில் வாசலில் விட்டால் யாராவது பார்த்துக்கொள்வார்கள்.' சாக்கைக் கட்டியவர் நினைத்ததும் அதுவே. நாம் நினைத்ததும் அதுவே. அவரிடம் சணற்கயிறு இருந்தது, நம்மிடம் மாற்றல் ஆணை இருந்தது. வேறுபாடு அவ்வளவே. எனவே இக்கட்டுரையில் நாம் வீசிய கல் ஒவ்வொன்றும் நம்மேலும் விழுந்ததாகவே வாசகர் கொள்க.

சரி, செய்ய வேண்டியது என்ன? அரிய செயல் எதையும் நாம் கேட்கவில்லை. நாய் வளர்ப்பவர் அதற்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடட்டும். குட்டி வேண்டாம் என்றால் கருத்தடை அறுவை செய்யட்டும். சாக்கைவிட அது செலவு கூடியதுதான், ஆனால் அதுவே அன்பு. நாய் வேண்டுவோர் விலைக்கு வாங்குமுன் ஒரு நாட்டுப் பெட்டைக் குட்டிக்கு வீடு தரட்டும். தெருநாய்க்குச் சோறிடுவோர் பள்ளிவாசலையும் பிள்ளைகள் நடக்கும் வழியையும் தவிர்த்து ஓரிடத்தில் இடட்டும். அந்த நாயின் ஊசிக்கும் கருத்தடைக்கும் பொறுப்பேற்கட்டும். யாரையேனும் நாய் கடித்தால், மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பாமல், மந்திரிக்க ஓடாமல், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லட்டும். தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசி ஒழிந்து இருபதாண்டு கடந்துவிட்டது. அந்த அச்சத்தால் தாமதித்து உயிரிழக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 16 ஆரோக்கியநாதர் திருநாள். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். வெறிநோய்க்கு முதல் தடுப்பு மருந்தை 1885-இல் மனிதருக்குச் செலுத்திய லூயி பாஸ்டர் 1895-இல் மறைந்த நாளும் அதுவே. இவ்விரண்டில் ஒரு நாளில், கால்நடை மருத்துவரை அழைத்து, கோயில் வளாகத்தில் தடுப்பூசி முகாம் ஒன்றை அன்பியங்கள் நடத்தலாகாதா? தேர்த்திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவில் ஒரு சிறு பங்கு அதற்குப் போதும். அந்த வேடிக்கையின் ஓசைக்கு அஞ்சி ஓடித் தொலைந்த நாய்களுக்கு நாம் செலுத்தும் ஈடாகவும் அது அமையும்.

அச்சாக்கிலிருந்து எடுத்த நான்கில் இரண்டு, அந்த வாரத்திலேயே இறந்தன. கெபிக்குப் பின்னால் புதைத்தோம். ஒன்றை மீன் விற்கும் அம்மா எடுத்துச் சென்றார். ஒன்று இதை எழுதும்போது நம் காலடியில் படுத்திருக்கிறது. ஊசியும் போட்டாயிற்று, கருத்தடையும் செய்தாயிற்று. அடுத்த மாற்றல் ஆணை வரும்போது, வண்டியில் நூல்களுக்கு முன் அது ஏறும்.

சாக்கைக் கட்டியவருக்கு ஒரு சொல். நீங்கள் யாரென நமக்குத் தெரியாது, தேடவும் இல்லை. ஆயின் எங்கோ நம் பங்கின் ஒரு வீட்டுப் பின்புறத்தில், பால் கட்டிய மடியோடு ஒரு தாய் நாய் அன்றிரவெல்லாம் தன் குட்டிகளைத் தேடியிருக்கும். அடுத்த ஆறு மாதத்தில் அது மறுபடியும் குட்டி போடும். அதற்குமுன் அதை அழைத்துக்கொண்டு வாருங்கள். மருத்துவமனைக்கு நாமே உடன் வருகிறோம், செலவையும் பகிர்ந்துகொள்கிறோம். இரவில் வேண்டாம். பகலில், கதவைத் தட்டி, உங்கள் பெயரைச் சொல்லி வாருங்கள்.